ஆர்மீனியாவைக் கட்டியது கிறிஸ்தவமா?

இழையைத் தொடங்கிய கேள்வி, 2025 ஆகஸ்ட் 2

"உலகத்திலேயே முதல் கிறிஸ்தவ நாடு ஆர்மீனியா. கி.பி. 301-இல் ராஜா ஞானஸ்நானம் எடுத்தார், அன்றைக்கே அந்தத் தேசம் பிறந்தது. கிறிஸ்தவம் இல்லாவிட்டால் ஆர்மீனியர் என்று ஒரு ஜனமே இருந்திருக்காது. எங்கள் போதகர் ஐயா போன ஞாயிறு இப்படிப் பிரசங்கித்தார். இது சரித்திரமா, சாட்சியா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்."

ஆகஸ்ட் 2, இரவு

'அன்றைக்கே தேசம் பிறந்தது' என்பது நிற்காது. 'கிறிஸ்தவம் இல்லாவிட்டால் அந்த ஜனமே இல்லை' என்பதை அப்படித் தள்ளிவிட முடியாது.

தேசம் அன்றைக்குப் பிறக்கவில்லை. அதற்கு எண்ணூறு வருஷம் முன்பே, கி.மு. 520 வாக்கில், பாரசீக மன்னன் டேரியஸ் பெஹிஸ்துன் மலைப்பாறையில் வெட்டிய கல்வெட்டில் 'அர்மினா' என்று நாட்டின் பெயர் இருக்கிறது. கி.மு. முதல் நூற்றாண்டில் இரண்டாம் திக்ரான் காஸ்பியன் பக்கத்திலிருந்து மத்தியதரைக் கடல் வரை ஆண்டான். இயேசு பிறப்பதற்கு முன்பே பேரரசாக எழுந்து அடங்கியும் விட்ட நாடு அது.

ஞானஸ்நானக் கதை ஐதீகமாக வருவது. மன்னன் திரிதாத்தின் தகப்பனைக் கொன்றவனின் மகன் கிரிகோர். அரண்மனையில் வேலைக்கு வந்தவர், சிலைக்கு மாலை போட மறுத்ததால் கோர் விராப் என்ற பாழ்குழியில் தள்ளப்பட்டார், பதின்மூன்று வருஷம் உயிரோடு கிடந்தார். இடையில் ரோமிலிருந்து தப்பி வந்த ஹ்ரிப்சிமே என்ற கன்னியையும் அவளோடு வந்தவர்களையும் ராஜா கொன்றான், புத்தி பேதலித்துக் காட்டுப்பன்றி போல அலைந்தான். கிரிகோரைக் குழியிலிருந்து தூக்கி வந்தார்கள், அவர் ஜெபித்தார், ராஜா குணமானான். அரசனும் அரச குடும்பமும் படையும் சேர்ந்து ஞானஸ்நானம் எடுத்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததைப் பிரசங்கத்தில் யாரும் சொல்வதில்லை. பழைய கோயில்களை இடித்தார்கள். அவற்றின் நிலங்கள் திருச்சபைக்குப் போயின. பூசாரிகளின் பிள்ளைகளைக் கூட்டி வந்து புது மதத்தின் குருக்களாகப் பயிற்றுவித்தார்கள். தலைமை ஆயர் பதவி கிரிகோரின் வம்சத்துக்குள்ளேயே தகப்பனிடமிருந்து மகனுக்கு இறங்கியது. உழுதுகொண்டிருந்தவனிடம் யாரும் வந்து கேட்கவில்லை.

ஆகஸ்ட் 3, காலை

301-ஆ 314-ஆ என்று ஒருவர் கேட்டிருக்கிறார். திருச்சபை சொல்வது 301. ஆராய்ச்சியாளர் பலர் 314 பக்கம் சாய்கிறார்கள். காரணம் எளிது. திரிதாத் ரோமின் தயவில் சிம்மாசனம் ஏறியவன், ரோமில் அப்போது டயோக்லீஷியன். 303-இல் கிறிஸ்தவர்களை வேட்டையாட உத்தரவு போட்டவர் அவர்தான். அப்படிப்பட்ட ஒருவரின் ஆதரவில் இருக்கும் அரசன், அவர் கண் முன்னாலேயே கிறிஸ்தவன் ஆவானா? 313-இல் கான்ஸ்டன்டைன் கிறிஸ்தவத்துக்குச் சுதந்திரம் கொடுத்த பிறகு என்றால் பொருந்துகிறது. எப்படிப் பார்த்தாலும் ரோமே கிறிஸ்தவத்தை அரச மதமாக்கிய 380-க்கு முந்தியதுதான். அதனால் 'முதல்' என்ற பெருமைக்குப் பங்கமில்லை.

ஆகஸ்ட் 3, இரவு

மதம் மாறியதன் அரசியலை நேற்று தொடவில்லை. பாரசீகத்தில் 224-இல் சாசானியர் வந்து பழைய பார்த்திய அரச வம்சத்தைக் கவிழ்த்தார்கள். ஆர்மீனிய அரச குடும்பம் அந்தப் பார்த்தியருக்கு ரத்த உறவு. ஆகவே சாசானியர் அவர்களுக்குப் பரம்பரை எதிரி. அந்த எதிரியின் மதம் நெருப்பு வழிபாடு. ஆர்மீனியாவின் பழைய தெய்வங்களும் ஏறக்குறைய அந்தக் குடும்பத்துத் தெய்வங்களே, அரமஸ்த், அனாகித் என்று. பெயர்களைச் சொல்லிப் பார்த்தாலே உறவு தெரியும். பாரசீகத்திலிருந்து விலகி நிற்க ஒரு வேலி வேண்டியிருந்தது. கிறிஸ்தவம் அந்த வேலி ஆனது.

அரசன் போட்ட வேலி அரசன் போனதும் விழுந்திருக்க வேண்டும். 387-இல் ரோமும் பாரசீகமும் நாட்டை இரண்டாகப் பங்கு போட்டுக்கொண்டன. பாரசீகப் பங்கில் ஒட்டிக்கொண்டிருந்த அரச பட்டமும் 428-இல் ஒழிந்தது. வேலி மட்டும் விழவில்லை. போதகர் ஐயா பேசியிருக்க வேண்டிய இடம் இதுதான்.

387-க்கும் 428-க்கும் இடையில் என்ன நடந்தது என்று பாருங்கள். ஞானஸ்நானம் ஆகி நூறு வருஷம் தாண்டியும் கோயிலில் கிரேக்கத்திலும் சிரியாக்கிலும்தான் ஆராதனை. ஜனங்களுக்கு ஒரு வரி புரியாது. மெஸ்ரோப் மஷ்டோட்ஸ், அரண்மனை எழுத்தராகவும் போர்வீரராகவும் இருந்து துறவியானவர், ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கித்துப் பார்த்துவிட்டு இது நடக்கிற காரியமில்லை என்று கண்டார். திருச்சபையின் தலைமை ஆயரான கத்தோலிகோஸ் சாஹாக்கும் அரசன் வ்ராம்ஷாபூவும் துணை நின்றார்கள். 405-இல் 36 எழுத்துகள் தயார். முதலில் மொழிபெயர்த்த வரி நீதிமொழிகளின் தொடக்கம், ஞானத்தையும் போதகத்தையும் அறிவதைப் பற்றியது. உட்கார்ந்து வேதாகமம் முழுவதையும் கொண்டுவந்தார்கள். அதோடு நிற்காமல் கிரேக்க, சிரியாக் நூல்களையும் கொண்டுவந்தார்கள், அந்தத் தலைமுறையிலேயே சொந்தச் சரித்திரமும் எழுதினார்கள்.

நாடு கைவிட்டுப் போகிற நேரத்தில் எழுத்து வந்தது. இன்றைக்கும் மஷ்டோட்ஸ் அங்கே புனிதர். ஓஷாகான் கிராமத்தில் அவர் கல்லறை இருக்கிற கோயிலுக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டிப் போகிறார்கள்.

ஆகஸ்ட் 5

"அவராயர் போரைப் பற்றி எழுதுங்கள் அண்ணே" என்று ஒரு தம்பி. சரி.

451. சாசானிய மன்னன் இரண்டாம் யஸ்டிகர்டு, எல்லாரும் நெருப்பு வழிபாட்டுக்குத் திரும்ப வேண்டும் என்று ஆணையிட்டான். ஆர்மீனியப் பிரபுக்கள் பைசாந்தியத்திடம், அதாவது கிழக்கு ரோமப் பேரரசிடம், உதவி கேட்டார்கள். கிறிஸ்தவச் சக்கரவர்த்தி மார்சியன் மறுத்துவிட்டார். வர்தான் மாமிகோனியன் படையோடு அவராயர் சமவெளியில் நின்றார், தோற்றார், செத்தார். அவரோடு 1,036 பேர் விழுந்ததாகத் திருச்சபை நினைவுகூர்கிறது. எதிர்ப்பக்கம் நின்றவர்களிலும் ஆர்மீனியர் உண்டு. சியூனிக் பிரபு வாசாக்கின் பெயர் இன்றுவரை துரோகிக்கு அடையாளம். அதன் பிறகு முப்பது வருஷத்துக்கும் மேல் மலைக்குள் இருந்து தொல்லை கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். 484-இல் நுவர்சாக் உடன்படிக்கையில் பாரசீகம் இறங்கிவந்து வழிபாட்டுச் சுதந்திரம் கொடுத்தது.

தோற்ற போரைத் திருநாளாகக் கொண்டாடுகிற ஜனம். தபசு காலம் தொடங்குவதற்கு முந்தின வியாழக்கிழமை வர்தானின் நாள். வீட்டுக்கு வீடு வர்தான் என்று பெயர்.

அதே 451-இல் கால்சிதோனில் திருச்சபைகளின் பெரிய சங்கம் கூடியது, இயேசுவின் தேவ சுபாவம், மனித சுபாவம் பற்றித் தீர்மானம் போட. அவராயரில் செத்துக்கொண்டிருந்தவர்கள் அங்கே போய் உட்காரவில்லை. பிறகு 506-இல் ட்வின் நகரில் கூடி, அந்தத் தீர்மானத்தை ஏற்க மறுத்தார்கள். இறையியல் நுணுக்கம் ஒருபுறம் இருக்கட்டும். விளைவைப் பாருங்கள். கிழக்கே பாரசீகத்திலிருந்து கிறிஸ்தவம் அவர்களைப் பிரித்தது. மேற்கே கிரேக்கரிடமிருந்து கால்சிதோனை மறுத்தது பிரித்தது. இரண்டு பக்கமும் கரையாமல் நிற்க இரண்டு வேலி. இரண்டாவது வேலி இல்லாமல் போயிருந்தால் பைசாந்தியத்துக்குள் கரைந்து கிரேக்கராகிப் போயிருப்பார்கள் என்று நினைக்கிறேன். கரைந்தவர்கள் நிறையப் பேர் உண்டு. பைசாந்திய சிம்மாசனம் ஏறியவர்களிலேயே ஆர்மீனிய வம்சத்தார் இருக்கிறார்கள். கிரேக்கத் திருச்சபையில் சேர்ந்த பிறகு அவர்கள் ஆர்மீனியர் இல்லை.

கேரளத்தின் மலங்கரை ஆர்த்தடாக்ஸ் சபை, எகிப்தின் காப்டிக் சபை, எத்தியோப்பிய சபை எல்லாம் கால்சிதோனை மறுத்த இந்த வரிசையில் சேர்ந்தவை. கோட்டயத்துக்காரர்களுக்கு ஆர்மீனியத் திருச்சபையின் தலைமைப்பீடமான எச்மியாட்ஸின் அந்நிய இடமில்லை.

ஆகஸ்ட் 6

ஒருவர் எழுதியிருக்கிறார்: "ஆக, இஸ்லாமிய நாடுகளுக்கு நடுவே தாக்குப்பிடித்த ஒரே கிறிஸ்தவத் தீவு." இதை நான் ஒப்பமாட்டேன்.

1045-இல் ஆனி நகரத்தை ஆர்மீனிய அரசரிடமிருந்து பிடுங்கியது கிறிஸ்தவ பைசாந்தியம். அரசர் இரண்டாம் காகிக்கைக் கான்ஸ்டான்டினோப்பிளுக்கு அழைத்து அங்கேயே மடக்கி வைத்தார்கள். செல்ஜூக் துருக்கியர் 1064-இல் வந்தபோது ஆனியைக் காக்கச் சொந்த அரசன் இல்லை. 1836-இல் ரஷ்யா சட்டம் போட்டு, கத்தோலிகோஸ் யார் என்பதில் கடைசிச் சொல் ஜாருக்கு என்றாக்கியது. 1903-இல் ஜார் இரண்டாம் நிக்கலாஸ் ஆர்மீனியத் திருச்சபையின் சொத்துகளைப் பறிமுதல் செய்ய உத்தரவிட்டார். அவரும் கிறிஸ்தவர். கத்தோலிகோஸ் க்ரிமியான், 'ஹைரிக்', அதாவது அப்பா என்று ஜனங்கள் அழைத்த கிழவர், பணிய மறுத்தார். ஊர் ஊராக ஜனங்கள் திரண்டார்கள், ரத்தம் சிந்தியது, 1905-இல் ஜார் உத்தரவைத் திரும்பப் பெற்றார்.

1915-இல் நடந்த இனப்படுகொலையை நான் குறைத்துச் சொல்லவில்லை. அதன் கொடூரத்துக்குப் பக்கத்தில் வைக்க எதுவுமில்லை. அதைச் செய்தது உஸ்மானியப் பேரரசை ஆண்ட இளம் துருக்கியர் அரசு. தப்பி வந்தவர்களுக்குச் சோறும் கூரையும் கொடுத்தது அலெப்போவிலும் பாலைவன ஊர்களிலும் இருந்த அரபு முஸ்லிம் குடும்பங்கள். இதை ஆர்மீனியரே நன்றியோடு சொல்லி நான் கேட்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 10

யாரிடம் கேட்டேன் என்று கேட்டவர்களுக்கு.

ஷார்ஜாவில் வேலை பார்த்த காலத்தில் என் மேஜைக்கு எதிர் மேஜை ஒரு ஆர்மீனியர். பெய்ரூத்தில், புர்ஜ் ஹம்மூத்தில் பிறந்தவர். தாத்தா இன்றைய துருக்கியில் இருக்கும் மராஷிலிருந்து நடந்து வந்தவர். இவருக்குக் கடவுள் நம்பிக்கை அறவே கிடையாது, வெளிப்படையாகச் சொல்வார். ஆனால் ஆகஸ்ட் நடுவில் மாதா திருநாளுக்குத் தவறாமல் கோயிலுக்குப் போவார். ஷார்ஜாவில் அவர்களுக்குச் சொந்தக் கோயில் உண்டு. ஒருமுறை என்னையும் கூட்டிப் போனார்.

அன்று திராட்சை ஆசீர்வாதம். பலிபீடத்துக்கு முன்னால் மேஜையில் தட்டுத் தட்டாகப் பச்சைத் திராட்சை. குருவானவர் கறுப்பு முக்காட்டோடு வந்து சிலுவையால் ஆசீர்வதித்தார். பாட்டு முழுவதும் கிராபர், அதாவது பழைய ஆர்மீனியம், மஷ்டோட்ஸ் காலத்து மொழி. முடிந்ததும் சின்னப் பைகளில் போட்டு எல்லாருக்கும் கொடுத்தார்கள். அந்த நாளுக்கு முன்னால் அந்த வருஷத்துத் திராட்சையை வாயில் வைக்கமாட்டார்களாம். நண்பர் தன் பையைப் பிரிக்காமல் வீட்டுக்குக் கொண்டுபோனார், அம்மாவுக்கு என்றார்.

நம்பாதவர் ஏன் வருகிறீர்கள் என்று காரில் கேட்டேன். "அங்கே நான் வேறு யாரும் இல்லை" என்றார். அரபியில் வேலை, வீட்டில் பாதி பிரெஞ்சு, பாஸ்போர்ட் லெபனான். அந்த ஒன்றரை மணி நேரம் மட்டும் ஆர்மீனியர்.

சிலர் இதை வெறும் கலாச்சாரக் கிறிஸ்தவம் என்று தள்ளிவிடுவீர்கள். நான் நாகர்கோவில் சிஎஸ்ஐ குடும்பத்தில் வளர்ந்தவன், விசுவாசி. எனக்கு அதைத் தள்ளத் தோன்றவில்லை. அந்த ஜனங்கள் காட்டிய மரியாதையை முழு விசுவாசம் இருக்கிற பல கோயில்களில் நான் பார்த்ததில்லை.

வழிபாட்டுக்குப் பிறகு 'மதாக்' சாப்பாடு பற்றியும் சொன்னார். ஆட்டுக்குட்டியோ சேவலோ நேர்ந்துகொண்டு, ஆசீர்வதித்த உப்பை ஊட்டி, அறுத்து, தண்ணீரில் வேகவைத்து ஏழைகளுக்கும் அக்கம்பக்கத்துக்கும் பகிர்வது. புளியம்பட்டி அந்தோணியார் கோயிலில் கிடா வெட்டி அசனம் போடுவதைப் பார்த்தவனுக்கு விளக்கமே வேண்டாம். கிரிகோர் இடித்த கோயில்களின் பலி, அவர் கட்டிய கோயிலின் வாசலுக்கு வந்து உட்கார்ந்திருக்கிறது.

ஆகஸ்ட் 11

நேற்று முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தேன். நான் எழுதிக்கொண்டு போகிற வேகத்தைப் பார்த்தால், மதம், எழுத்து, சொந்தச் சபை மூன்றும் இருந்தால் எந்த ஜனமும் பிழைக்கும் என்று தோன்றிவிடும். அப்படியில்லை என்பதற்குப் பக்கத்து வீட்டிலேயே சாட்சி இருக்கிறது.

காக்கேசிய அல்பேனியர். (ஐரோப்பாவின் அல்பேனியாவுக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை.) இன்றைய அஜர்பைஜான் நிலத்தில் வாழ்ந்தவர்கள். இவர்களும் நாலாம் நூற்றாண்டிலேயே கிறிஸ்தவர்கள். இவர்களுக்கும் 52 எழுத்துகளில் சொந்த லிபி. அதை அமைத்ததில் அதே மஷ்டோட்ஸுக்குப் பங்கு உண்டு என்று பழைய ஆர்மீனியச் சரித்திரம் சொல்கிறது. இவர்களுக்கும் சொந்தக் கத்தோலிகோஸ். எல்லாம் இருந்தது. ஜனம் இல்லை. ஒரு பகுதி இஸ்லாத்துக்குப் போய்ப் பிற இனங்களோடு கலந்தது, ஒரு பகுதி ஆர்மீனியத் திருச்சபைக்குள் கரைந்தது. அவர்கள் வழிபாட்டில் படித்த நூல் ஒன்றுகூட மிஞ்சவில்லை என்று நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். 1996-இல் ஜார்ஜிய அறிஞர் ஸாஸா அலெக்ஸிட்ஸே, சீனாய் மலை கத்தரீனாள் மடத்தில் ஒரு ஜார்ஜியச் சுவடியைப் பார்த்தபோது, மேலெழுத்துக்கு அடியில் சுரண்டி அழித்த அல்பேனிய எழுத்தைக் கண்டுபிடித்தார். தோல் விலை அதிகம், அதனால் பழைய எழுத்தைச் சுரண்டிவிட்டு மேலே எழுதிக்கொண்டார்கள். படிக்க ஆளில்லாத வேதப் புத்தகத்துக்கு அந்த கதி. இப்போது அந்த மொழிக்கு மிச்சம் உதி இனத்தார், முக்கியமாக நீஜ் என்ற ஊரில்.

ஆக வித்தியாசம் எங்கே? என் ஊகம் இது. ஆர்மீனியாவில் எழுத்து வந்த வேகத்தில் புத்தகம் குவிந்தது. படி எடுக்கிற மடங்கள் பெருகின. போகிற இடத்துக்கெல்லாம் எடுத்துக்கொண்டு ஓடினார்கள். அல்பேனியத் திருச்சபை எட்டாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ஆர்மீனியச் சபைக்கு அடங்கிப்போனது, அதன் பிறகு அங்கேயும் ஆர்மீனியமே வழிபாட்டு மொழி. ஒரு தேசத்தைக் காத்த சபைதான் பக்கத்துத் தேசத்தை விழுங்கவும் செய்தது. பிரசங்கத்தில் இதற்கும் இடம் வேண்டும்.

ஆகஸ்ட் 12, காலை

மேலே உள்ளதைப் பிடித்துக்கொண்டு ஒருவர், "அப்படியானால் கராபாக் மடாலயங்கள் அல்பேனியருடையவை, ஆர்மீனியருடையவை அல்ல என்று அஜர்பைஜான் சொல்வது சரிதானே" என்கிறார். (கராபாக், ஆர்மீனியர் வாழ்ந்த, இரண்டு நாடும் சண்டையிட்ட மலைப்பகுதி.) இல்லை. கண்ட்ஸசார், தாதிவாங்க் சுவர்களில் இருக்கும் இடைக்காலக் கல்வெட்டுகள் ஆர்மீனியத்தில் இருக்கின்றன. கட்டியவன் பெயரும் கட்டிய வருஷமும் அவற்றில் உண்டு. அல்பேனியர் மறைந்ததற்கு ஆர்மீனியத் திருச்சபையிடம் கணக்குக் கேட்பது வேறு. சுவரில் இருக்கும் எழுத்தை இல்லையென்பது வேறு.

ஆகஸ்ட் 16

சென்னை நண்பர்களுக்கு இனி எழுதப்போவதில் ஆர்வம் இருக்கும். ஆர்மீனியக் குடியரசு என்ற எண்ணம் முதலில் அச்சேறியது நம் ஊரில்.

1604-05-இல் பாரசீக ஷா அப்பாஸ் ஜூல்ஃபா நகரத்து ஆர்மீனியரைக் கூண்டோடு பெயர்த்து இஸ்ஃபஹானுக்குப் பக்கத்தில் குடியேற்றினான். புது ஜூல்ஃபா. அங்கிருந்து பட்டும் ரத்தினமுமாக வியாபாரம் விரிந்து, மதராஸ் வரை வந்தார்கள். சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் 1726-இல் மர்மலாங் பாலம் கட்டிய கோஜா பெத்ரோஸ் உஸ்கான் அவர்களில் ஒருவர். பரங்கிமலைப் படிக்கட்டுக்கும் அவர் பணம். இந்த உஸ்கான் கத்தோலிக்கர், தேசியச் சபைக்கு வெளியே இருந்தவர். 1751-இல் இங்கே இறந்தபோது உடலை வேப்பேரியில் புதைத்து, இதயத்தை மட்டும் ஜூல்ஃபாவுக்கு அனுப்பினார்கள். 'சபையில் இல்லாதவன் ஆர்மீனியன் இல்லை' என்பவர்கள் இந்த மனிதரை எங்கே வைப்பார்கள்? வெனிஸில் சான் லாஸரோ தீவில் 1717 முதல் உட்கார்ந்து ஆர்மீனிய அகராதியும் சரித்திரமும் தொகுத்த மெகித்தாரியத் துறவிகளும் கத்தோலிக்கர்களே.

பிறகு ஷாஹாமிர் ஷாஹாமிரியன். 1723-இல் புது ஜூல்ஃபாவில் பிறந்து மதராஸில் செல்வந்தரானவர். 1770-களின் தொடக்கத்தில் இங்கே அச்சுக்கூடம் போட்டார். 1772-இல் அங்கிருந்து வந்த ஒரு சிறு புத்தகம், மோவ்ஸெஸ் பாக்ராமியன் எழுதியது, இளைஞர்களே தூக்கம் கலைந்து எழுந்து நாட்டை மீட்கப் போராடுங்கள் என்றது. எச்மியாட்ஸினில் அப்போது கத்தோலிகோஸ் சிமியோன். அவர் என்ன செய்தார்? புத்தகத்தை எரிக்கச் சொன்னார், எழுதியவரைச் சபைக்கு வெளியே தள்ளினார்.

பல வருஷமாக இந்த இடத்தில் எனக்குக் கோபம் வரும். இப்போது அந்தக் கோபம் பாதியாகிவிட்டது. சிமியோன் பாரசீகரும் உஸ்மானியரும் சூழ்ந்த இடத்தில் உட்கார்ந்திருந்தார். மதராஸில் கும்பெனிக் கொடிக்கு அடியில் பத்திரமாக இருந்தவன் அச்சிட்ட ஒரு வரிக்கு அராரத் மலையடிவாரத்தில் கிராமம் கிராமமாக விலை கொடுக்க வேண்டியிருந்திருக்கும். அதே சிமியோன் 1771-இல் எச்மியாட்ஸினில் ஆர்மீனிய மண்ணின் முதல் அச்சகத்தை நிறுவினார். அதற்கான பணம் போனது இந்தியாவில் இருந்த ஆர்மீனிய வியாபாரிகளிடமிருந்து. எரிக்கச் சொன்னவரும் அச்சடித்தவரும் ஒரே ஆள். காப்பது என்றால் அடங்கியிருப்பது என்று சபை நம்பியது, சட்டத்தால் ஆளும் நாடு வேண்டும் என்று வியாபாரி நம்பினான்.

எரிப்பு உத்தரவால் மதராஸ் அடங்கவில்லை. ஷாஹாமிரியன் குடும்பத்து அச்சகத்திலிருந்து 'வொரொகாய்த் பாராத்ஸ்' வந்தது. இல்லாத ஒரு நாட்டுக்கு 521 பிரிவுகளில் அரசியல் சட்டம். தலைப்புப் பக்கத்தில் 1773 என்றிருக்கும், அச்சாகி முடிந்தது அதற்கும் பல வருஷம் பின்னால் என்பது ஆராய்ச்சியாளர் முடிவு. பரம்பரை ராஜா கிடையாது. தேர்ந்தெடுத்த சபை ஆளும். ஆர்மீனியரோ வேற்று இனத்தாரோ, ஆணோ பெண்ணோ, எல்லாரும் சமம். ஆர்மீனியத் திருச்சபைக்கு முதலிடம் உண்டு, மற்றவர்களுக்கு அவரவர் வழிபாடு. பிரெஞ்சுப் புரட்சிக்கு முன்னால் இதை யோசித்தவர்கள் முத்தியால்பேட்டைச் சுற்றுவட்டாரத்தில் நடமாடிய வியாபாரிகள்.

1794-இல் ஷிராஸிலிருந்து வந்த குருவானவர் ஹாருத்யுன் ஷ்மவோனியன் 'அஸ்தரார்' தொடங்கினார். உலகத்தின் எந்த மூலையிலும் அதற்கு முன் ஆர்மீனியப் பத்திரிகை கிடையாது. பதினெட்டு இதழ் வந்தது. 1824-இல் இங்கேயே இறந்தார்.

அவர் கல்லறை இருப்பது பாரிமுனையில் அரண்மனைக்காரன் தெருவில், 1772-இல் கட்டிய ஆர்மீனியக் கோயிலில். எனக்கு வேலை அந்தப் பக்கம்தான், காகித மொத்த வியாபாரம், அதனால் மதிய வேளையில் போய் உட்காருவது வழக்கம். நுழைந்ததும் முற்றத்துத் தரையே கல்லறைகள். சுற்றிப் போக வழியில்லை, மேலே மிதித்துத்தான் போக வேண்டும். கடப்பைக் கல்லைப் போலக் கறுத்த பலகைகளில் மஷ்டோட்ஸின் எழுத்து ஆழமாக வெட்டியிருக்கிறது. மழை பெய்த மறுநாள் எழுத்தின் பள்ளத்தில் தண்ணீர் நின்று ஒவ்வொரு எழுத்தும் தனியாகத் தெரியும். அதே தெருவில் அந்தோணியார் கோயிலில் செவ்வாய்க்கிழமை காலை வைக்க இடமிருக்காது. இங்கே ஞாயிறு வழிபாட்டுக்குச் சபையே இல்லை. கல்கத்தாவில் இருக்கும் ஆர்மீனியச் சபை பராமரிக்கிறது.

ஆகஸ்ட் 17

"முஸ்லிம் ஆர்மீனியர் உண்டா?" நல்ல கேள்வி. உண்டு, ஆனால் அந்தச் சொல்லை இரண்டு பக்கமும் ஏற்காது. துருக்கியின் கருங்கடல் பக்கம் ஹோபா ஊர்களில் ஹெம்ஷின் ஜனங்கள் நூற்றாண்டுகளாக முஸ்லிம்கள், வீட்டில் பேசுவது ஆர்மீனியக் கிளைமொழி. 1915-இல் முஸ்லிம் குடும்பங்களுக்குள் போன அநாதைப் பிள்ளைகளின் பேரர்கள் கிழக்குத் துருக்கியில் ஏராளம். பாட்டி சாகும் தறுவாயில் சொல்லிக் கேட்டவர்கள். அவர்கள் ஆர்மீனியத் தலைநகர் யாரேவானுக்கு வந்து நான் ஆர்மீனியன் என்றால் முதல் கேள்வி, ஞானஸ்நானம் எடுத்தாயா? சித்திரவதையிலிருந்து தப்ப மதம் மாறியவளின் பேத்தியிடம் கேட்கிற கேள்வியா அது? இந்த ஒன்றில் எனக்குச் சமாதானமே கிடையாது. தேசத்தின் வாசலில் ஞானஸ்நானத் தொட்டியை வைத்தால் அதன் முதல் பலி இவர்கள்.

நாட்டுக்குள்ளேயே எஸீதிகள் இருக்கிறார்கள், கிறிஸ்தவமும் இஸ்லாமும் அல்லாத தனி மதத்தார், பெரிய சிறுபான்மை. அக்னாலிச் கிராமத்தில் 2019-இல் அவர்களின் பெரிய கோயில் திறந்தார்கள். பாராளுமன்றத்தில் சிறுபான்மையருக்கு நான்கு இடம் ஒதுக்கீடு, அதில் ஒன்று எஸீதிகளுக்கு. அரசியல் சட்டத்தின் 17-ஆம் பிரிவு மத அமைப்புகள் அரசிலிருந்து தனி என்கிறது. அடுத்த பிரிவான 18, தேசிய அடையாளத்தைக் காப்பதில் ஆர்மீனியத் திருச்சபைக்குத் தனிப்பட்ட பணி உண்டு என்கிறது. இரண்டும் அடுத்தடுத்து. ஷாஹாமிரியன் விட்ட இடத்திலேயே நிற்கிறது.

ஆகஸ்ட் 23

கடைசியாகக் கேட்ட கேள்வி: "இப்போது பிரதமருக்கும் கத்தோலிகோஸுக்கும் சண்டை. யார் பக்கம்?"

2024-இல் எல்லைக் கிராமங்களை அஜர்பைஜானிடம் கொடுப்பதை எதிர்த்து ஒரு பேராயர் தவுஷ் மாகாணத்திலிருந்து யாரேவானுக்கு ஜனங்களைத் திரட்டி நடந்தார், பிரதமர் பாஷின்யான் விலக வேண்டும் என்றார். 2025 ஜூனில் ஆட்சியைக் கவிழ்க்கச் சதி என்று அவரைக் கைது செய்தார்கள், அவர் மறுக்கிறார். கத்தோலிகோஸ் இரண்டாம் கரேகினைப் பதவி இறங்கச் சொல்கிறார் பிரதமர்.

1918 மே மாதம் உஸ்மானியப் படை எச்மியாட்ஸின் அருகே சர்தாராபாத் வரை வந்தபோது, இடத்தைக் காலி செய்யுங்கள் என்றார்கள். கத்தோலிகோஸ் ஐந்தாம் கெவோர்க் அசைய மறுத்தார். மணிகள் அடித்தன, குருமார் ஜனங்களோடு நின்றார்கள், படை திரும்பியது, மே 28-இல் முதல் குடியரசு. இருபது வருஷம் கழித்து, 1938-இல், கத்தோலிகோஸ் கோரேன் எச்மியாட்ஸினிலேயே செத்துக் கிடந்தார். ஸ்டாலினின் ரகசியப் போலீஸ் செய்த கொலை என்றே நம்புகிறார்கள். 1945 வரை கத்தோலிகோஸ் இல்லை. இவ்வளவு பட்ட ஒரு பீடத்தைப் பிரதமர் ஒருவர் சமூக ஊடகத்தில் ஏச்சுப் பேச்சோடு அணுகுவதை என்னால் ரசிக்க முடியவில்லை. குருவானவர் பிரதமர் நாற்காலிக்குப் போட்டியிடுவதையும் ஒப்பமாட்டேன். அரசு இல்லாத ஆயிரம் வருஷத்தில் சபை அரசின் வேலையைச் செய்தது. இப்போது அரசு இருக்கிறது, ஜனங்கள் வாக்குப் போட்டு மாற்றக்கூடிய அரசு.

2023 செப்டம்பரில் கராபாக்கிலிருந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் சில நாட்களில் வெளியேறினார்கள், தங்கள் மடாலயங்களைப் பின்னால் விட்டுவிட்டு. அவர்களுக்கு வீடும் ஓய்வூதியமும் குடியுரிமையும் கொடுக்க வேண்டியது குடியரசு. அதைச் சரியாகச் செய்கிறதா என்று பாஷின்யானைக் கேட்க வேண்டும். கண்ட்ஸசாரின் சுவரில் இருக்கும் எழுத்தை அழியாமல் காக்க உலகத்தின் வாசல்களைத் தட்ட வேண்டியது சபை. அதைச் செய்கிறதா என்று கரேகினைக் கேட்க வேண்டும். இந்த வருஷம் இருவரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்விகளில் இந்த இரண்டையும் நான் காணவில்லை.